பன்றியின் சேறும் சைக்கிள் இன்சூரன்சும்

ஆனைக்கல் காட்டில் மிளகி என்றொரு சருகுமான் இருந்தது. முயலளவே உள்ள சின்ன மான் அது. அதனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. மூங்கில் உடம்பு, பிரம்புச் சக்கரம். மணிக்குப் பதிலாக முற்றிய கொன்றைக்காய் ஒன்றைக் கட்டியிருந்தது. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்.

சருகுமான் எப்படி சைக்கிள் ஓட்டும் என்று கேட்காதீர்கள். அது பேசும் என்பதை ஒப்புக்கொண்டுதானே கதைக்குள் வந்தீர்கள்? பேச்சை நம்பிவிட்டு, மிதிப்பதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தால் எப்படி!

மிளகியின் முன்னங்கால் ஒன்று முன்பு கண்ணியில் மாட்டி வளைந்து போயிருந்தது. நடந்தால் நொண்டும். சைக்கிளில் ஏறிவிட்டால் முயலுக்குச் சமமாகப் போகும். அந்தக் கோடையில் பக்கத்துக் குளம் வற்றிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் மலையடி மடுவுக்குத்தான் போக வேண்டும். மிளகியின் புதரில் அப்போதுதான் பால் மறந்த குட்டி ஒன்று இருந்தது. மிளகி தினமும் மடுவுக்குப் போய்ச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் வந்தால்தான் குட்டிக்குத் தொண்டை நனையும்.

முயலும் கீரியும்கூட சைக்கிள் வைத்திருந்தன. பெரிய விலங்குகளுக்கு அது தேவைப்படவில்லை. அவை பாதையை அடைத்துக்கொண்டு நடந்து போகும்.

அப்படிப் போகிறவற்றில் ஒன்று காட்டுப்பன்றி கனகசபை. அதற்குத் தன் உடம்பில் பூசிய சேற்றின் மேல் அப்படி ஒரு பெருமை! விடிந்ததும் குட்டையில் புரளும். இடம் வலம் பார்த்துப் பூசும். வெயிலில் நின்று காயவைக்கும். பிறகுதான் வெளியே வரும். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு நாள் மருதமரத்துத் திருப்பத்தில் மிளகி வந்துகொண்டிருந்தது. எதிரே கனகசபை நடுப்பாதையில் வந்தது. மிளகி கொன்றைக்காயை ஆட்டியது. பன்றி நகரவில்லை. மறுபடியும் ஆட்டியது. பன்றி காதைக்கூட அசைக்கவில்லை. மிளகி சைக்கிளைப் பாதையின் ஓரத்துக்கு ஒதுக்கியது. அப்படியும் கைப்பிடி பன்றியின் விலாவில் லேசாக உரசிவிட்டது. ஒரு துண்டுச் சேறு பெயர்ந்து விழுந்தது.

"ஐயையோ! என் சேறு போச்சே!" என்று கனகசபை அலறியது.

"மன்னிச்சுக்குங்கண்ணே! காயை ஆட்டினேன், நீங்க நகரலையே!" என்றது மிளகி.

"நான் ஏன் நகரணும்? இந்த வறட்சியில இப்படி ஒரு சேறு எங்க கிடைக்கும்? இதுக்கு யாரு பொறுப்பு?"

"சேறுதானேண்ணே! தோல்ல ஒண்ணும் படலையே!"

"சேறுதானேயா? உனக்கு அது சேறு. எனக்கு அது மானம்!"

அன்று மாலையே கரடியாரின் பாறையில் சபை கூடியது. ஆனைக்கல் காட்டுக்குத் தலைவர் கரடியார்தான். நல்லவர். ஆனால் எந்த வழக்கையும் பாதிக்கு மேல் விழித்திருந்து கேட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

கனகசபை நடுவில் வந்து நின்று விலாவைக் காட்டியது.

"பார்த்தீங்களா ஐயா! இந்தப் பாதையைப் போட்டது யாரு? நாங்க! எங்க அப்பன் பாட்டன் எல்லாம் மிதிச்சு மிதிச்சுப் போட்ட பாதை. இவங்க சும்மா சக்கரத்தை உருட்டிக்கிட்டு வந்துடறாங்க! இடிக்கிறாங்க! போயிடறாங்க! கேட்பாரே கிடையாது!"

"அதானே!" என்றது காட்டெருமை கருப்பண்ணன். பன்றி எது சொன்னாலும் கருப்பண்ணன் "அதானே!" என்று சொல்லும். அதற்குமேல் யோசிக்கிற சிரமத்தை அது வைத்துக்கொள்வதில்லை.

அப்போது ஆமை மெல்லத் தலையை நீட்டியது.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். போன வாரம் முயலோட சைக்கிள் என்னை இடிச்சுச்சு. மல்லாக்க விழுந்தேன். பொழுது சாயற வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இடிச்சவன் திரும்பிக்கூடப் பார்க்கலை."

முயலின் காதுகள் தொங்கிப்போயின. ஆமை சொன்னது உண்மை. முயல் அன்று ஏதோ அவசரத்தில் நிற்காமல் போய்விட்டது. அதில் நியாயம் ஆமையின் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் முதுகில் பன்றி ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கேட்டீங்களா! ஆமையாருக்கே இந்தக் கதி! என் சேத்துக்கும் அவரு முதுகுக்கும் சேர்த்து ஒரு வழி பண்ணுங்கய்யா!"

வழி பண்ணுவதற்கென்றே நரி நல்லசிவம் ஓரமாகக் காத்திருந்தது. அது எழுந்து கும்பிட்டது.

"ஐயா! வழி இருக்கு. இன்சூரன்ஸ்! சைக்கிள் ஓட்டுறவங்க ஒவ்வொரு நடைக்கும் குடுக்கையிலிருந்து கொஞ்சம் தண்ணியை என் கல்தொட்டியில ஊத்தட்டும். ஊத்தினவங்க சைக்கிளுக்கு ஒரு அரச இலை கட்டிவிடறேன். இலை இல்லாத சைக்கிள் பாதையில ஓடக்கூடாது. நாளைக்கு இவங்களால யாருக்காவது சேதம்னா, தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துடுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை!"

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மிளகிகூட அரைமனதாகத் தலையாட்டியது. பிறகு மெல்லக் கேட்டது.

"ஐயா, நான் ஊத்தறேன். கருப்பண்ணன் அண்ணனும் ஊத்துவாங்களா? நான் உரசினா சேறு உதிரும். அவங்க மிதிச்சா நானே இருக்க மாட்டேனே!"

சபையில் யாரோ சிரித்தார்கள். கனகசபைக்கு மட்டும் கோபம் வந்தது.

"அவரு எதுக்கு ஊத்தணும்? அவரு நடக்கிறாரு. சொந்தக் காலு! வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ். அதுவும் போக, அவ்வளவு பெரிய உடம்பு வர்றதைப் பார்த்து ஒதுங்கத் தெரியலைன்னா, தப்பு ஒதுங்காதவங்க மேலதான்!"

"அதானே!" என்றது கருப்பண்ணன்.

கரடியார் கொட்டாவி விட்டார். "நரி சொன்னபடியே ஆகட்டும்" என்றார். சபை கலைந்தது.

மறுநாளிலிருந்து மிளகி மடுவிலிருந்து திரும்பும்போதெல்லாம் நரியின் தொட்டியருகே இறங்கியது. குடுக்கையின் கழுத்துப் பகுதியில் இருந்த தண்ணீர் தொட்டிக்குப் போனது. மீதி குட்டிக்கு. குட்டி குடித்து முடித்துக் குடுக்கையின் உட்புறத்தை நக்கிப் பார்க்கும். மிளகி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கனகசபைக்கோ நல்ல காலம் பிறந்தது. சாயங்காலம் ஆனால் தவறாமல் நரியிடம் வந்து நின்றது.

"இன்னைக்கும் உரசிட்டாங்கய்யா! இந்தத் தொடையைப் பாருங்க!"

அந்தத் தொடையைப் பன்றியே வேப்பமரத்தில் தேய்த்துக்கொண்டதை மரத்திலிருந்த மைனா பார்த்தது. நரிக்கும் அது தெரியும். ஆனாலும் மறுபேச்சு இல்லாமல் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பன்றியின் குட்டையில் ஊற்றியது. கொஞ்சத்தைப் பன்றிக்கும் கொஞ்சத்தைக் கரடியாருக்கும் கொடுத்துவிட்டால், மிச்சம் எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா! குட்டி குடிக்க வேண்டிய தண்ணீர் பன்றியின் முதுகில் காய்ந்து பளபளத்தது. சேதம் கூடக்கூட, ஊற்ற வேண்டிய அளவையும் நரி கூட்டிக்கொண்டே போனது.

இதற்கிடையில் ஆமையை மறுபடியும் ஒரு சைக்கிள் இடித்தது. இந்தத் தடவை கீரி. ஆமை மல்லாக்க விழுந்தது. கீரி ஒரு கணம் நின்று, சைக்கிளில் கட்டியிருந்த இலையைத் தொட்டுப் பார்த்தது.

"கவலைப்படாதீங்க மாமா! இன்சூரன்ஸ் இருக்கு!" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டது.

மைனா பறந்துபோய் நரியிடம் சொன்னது.

"ஆமை மாமாவுக்கு அடிபட்டிருக்கு. ஏதாவது செய்யுங்க!"

"தாராளமா! அடிபட்டவரு நேர்ல வரணும். அதுதான் முறை" என்றது நரி.

"அவரு மல்லாக்கக் கிடக்கிறாரு!"

"எழுந்ததும் வரச் சொல்லு!"

நல்லவேளையாக மிளகி அந்த வழியே வந்தது. சைக்கிளை நிறுத்தி இறங்கியது. மூக்கால் முட்டி முட்டி ஆமையைத் திருப்பிப் போட்டது. ஆமை மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நான் சபையில கேட்டது இதைத்தான். இடிச்சவன் நின்னு திருப்பிப் போடணும்னுதான் கேட்டேன். அதுக்குள்ள நரி தொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்!"

இரண்டு நாள் போயிருக்கும். கருப்பண்ணனின் காதுக்குள் ஒரு குளவி புகுந்து கொட்டிவிட்டது. அது கண்மண் தெரியாமல் பாதையில் ஓடி வந்தது. எதிரே மிளகி. கொன்றைக்காய்ச் சத்தம் அந்தக் காதில் எங்கே விழப்போகிறது! மிளகி புதர்ப் பக்கம் ஒடித்துத் திருப்பியது. அதற்குள் குளம்பு இறங்கிவிட்டது. சைக்கிள் நொறுங்கியது. குடுக்கை உடைந்தது. மிளகியின் பின்னங்கால் வீங்கிப்போனது. அன்றைய தண்ணீரைப் பாதை மண் உறிஞ்சிக்கொண்டது.

கருப்பண்ணன் நிற்கவில்லை. தான் எதையோ மிதித்தது அதற்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

மிளகி காலை இழுத்து இழுத்து நரியிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே கருப்பண்ணன் முன்பே வந்து நின்றிருந்தது. அதன் குளம்பில் ஒரு மூங்கில் சிம்பு குத்தியிருந்தது.

"அண்ணே, என் சைக்கிள் போச்சு. காலும் போச்சு. கோடை பூரா ஊத்தினேனே. இப்ப எனக்கு ஏதாவது கொடுங்க!" என்றது மிளகி.

நரி உச்சுக் கொட்டியது.

"பாவம்! ஆனா உன் இன்சூரன்ஸ், உன்னால மத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கு. உனக்கு வர்ற சேதத்துக்கு இல்லையே தங்கச்சி!"

"அப்ப மிதிச்சவங்க இன்சூரன்ஸிலிருந்து கொடுங்க!"

"அவருக்குத்தான் இன்சூரன்ஸே கிடையாதே! அவரு நடக்கிறவரு."

நரி தொடர்ந்தது.

"ஆனா ஒண்ணு. அவரு குளம்புல குத்தியிருக்கிறது உன் சைக்கிளோட மூங்கிலு. அது உன்னால வந்த சேதம். அதுக்கு உன் இன்சூரன்ஸ் செல்லும். பயப்படாதே, நானே கொடுத்துடறேன்!"

சொன்னபடியே தொட்டியிலிருந்து தண்ணீரை எடுத்துக் கருப்பண்ணனின் குளம்பில் குளிரக் குளிர ஊற்றியது.

"குட்டிக்காவது ஒரு வாய் கொடுங்கண்ணே. காலையிலிருந்து காஞ்சு கிடக்கு" என்று மிளகி கெஞ்சியது.

"மனசு இருக்கு. விதியில இடமில்லையே!" என்றது நரி.

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணெதிரே தொட்டி நிறையத் தண்ணீர்! அதில் மிளகி ஊற்றிய தண்ணீரும் இருக்கிறது. அந்த நரிக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

செய்தி கேட்டு முயலும் கீரியும் ஓடி வந்தன. மிளகியின் காலைப் பார்த்தன. குட்டியின் உலர்ந்த வாயைப் பார்த்தன. அன்றே தங்கள் சைக்கிள்களை மரத்தில் சாத்தின. அரச இலைகளைப் பிய்த்துப் போட்டன. தேக்கிலையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு, பாதைப் பக்கமே போகாமல், முள்ளுக்குள் நுழைந்து நுழைந்து குட்டிக்குக் கொண்டுவந்தன. வழியிலேயே பாதி சிந்திவிடும். குட்டி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டும் அது போதுமாக இருந்தது.

சைக்கிள் ஓடாததால் தொட்டிக்கும் தண்ணீர் வரவில்லை. தொட்டி வற்றியது. கனகசபையின் சேறு பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. அது நரியிடம் வந்து குதித்தது.

"என் சேறு எங்கய்யா?"

"ஊத்துறவங்க யாரும் ஓட்டலையே! நான் என்ன பண்ண?"

"ஓட்டாம இருந்தா எப்படி? பொறுப்பில்லாத கூட்டம்!"

வேறு வழியில்லாமல் கனகசபை தானே மடுவுக்குக் கிளம்பியது. வழக்கம்போல் நடுப்பாதையில் நடந்தது. மருதமரத்துத் திருப்பத்தில் எதிரே கருப்பண்ணன் வந்தது. பன்றி நகரவில்லை. நகர்ந்து பழக்கமில்லை. கருப்பண்ணன் கீழே பார்க்கவில்லை. அதற்கும் பழக்கமில்லை.

பன்றியின் அலறல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

மறுபடியும் சபை. கனகசபையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். பின்னங்கால் துவண்டு தொங்கியது.

"கருப்பண்ணன் மிதிச்சுட்டான் ஐயா! எனக்கு இன்சூரன்ஸ் கொடுக்கச் சொல்லுங்க!"

நரி பணிவாகச் சொன்னது. "அவருக்கு இன்சூரன்ஸ் இல்லையே! நடக்கிறவருக்கு வேண்டாம்னு இதே இடத்துல எடுத்துச் சொன்னது நீங்கதானே!"

"அவ்வளவு பெரிய உடம்பு வர்றதைப் பார்த்து ஒதுங்கலைன்னா, தப்பு ஒதுங்காதவங்க மேலதான்னு நீங்கதான் சொன்னீங்க" என்றது கருப்பண்ணன். தன் வாழ்நாளிலேயே அது பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"இந்த உடம்பு மிதிச்சா ஒரு காலு என்னத்துக்கு ஆகும்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று பன்றி அழுதது.

"நான் யோசிச்சேன் அண்ணே. யோசிச்சுத்தான் அன்னைக்குக் கேட்டேன்" என்றது மிளகி.

பன்றி தரையைப் பார்த்தது. சரி, புத்தி வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பன்றி தலையை நிமிர்த்தியது.

"இப்ப நான் சொல்றேன் ஐயா! எடை உள்ளவங்கதான் இன்சூரன்ஸ் கட்டணும். என்னைவிட எடை அதிகமா இருக்கிற எல்லாரும் கட்டணும்!"

"யானையைவிடக் குறைஞ்சவங்களுக்கு வேண்டாம்!" என்று கருப்பண்ணன் அவசரமாகச் சொன்னது.

யானை அன்று சபைக்கு வரவில்லை. வந்திருந்தால், மலையைவிடக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கும்.

கரடியார் எழுந்து நின்றார். தொட்டி வற்றியதிலிருந்து அவருக்கும் நாக்கு வறண்டு தூக்கம் போயிருந்தது. அதனால் அன்று ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருந்தார்.

"போதும்! இனிமே யாரு யாரை இடிச்சாலும் நிக்கணும். தூக்கிவிடணும். ஆக வேண்டியதைச் செஞ்சுட்டுத்தான் போகணும். சைக்கிளா இருந்தாலும் சரி, சொந்தக் காலா இருந்தாலும் சரி! தொட்டி இருக்கட்டும். ஆனா அவங்கவங்க எடைக்குத் தகுந்தபடி தண்ணி ஊத்தணும். நானும் ஊத்தறேன். தொட்டிக்கு இனிமே ஆமையார் காவல்."

"ஆமையாரா?" என்று நரி பதறியது.

"ஆமா! அவரு தண்ணியைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போக முடியாது. கருப்பண்ணா! மிளகிக்கும் கனகசபைக்கும் காலு சரியாகிற வரைக்கும் அவங்க வீட்டுக்குத் தண்ணி சுமக்கிறது உன் வேலை. மிளகிக்குப் புது சைக்கிளுக்கு மூங்கிலும் நீதான் கொண்டுவரணும்."

கருப்பண்ணன் "அதானே" என்று சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டது.

"ஐயா! எடைக்குத் தகுந்தபடின்னா எனக்குமா?" என்று படுத்தபடியே கேட்டது கனகசபை.

"உனக்கும்தான்!"

"என் எடையில பாதி சேறுதானுங்களே! அதைக் கழிச்சுட்டுத்தானே பார்க்கணும்?"

சபை கலைந்து போனது. பன்றி இன்னும் விடாமல் பாறையிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கருப்பண்ணன் கொம்புகளில் குடுக்கைகளை மாட்டிக்கொண்டு மிளகியின் புதருக்கு வந்தது. குட்டி தண்ணீரைக் கண்டதும் ஓடி வந்து முகத்தைப் புதைத்தது. குடித்தது. மூச்சு வாங்கியது. மறுபடியும் குடித்தது. மிளகி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண்ணில் நீர் முட்டியது. குடித்து முடித்த குட்டி, தெம்பு வந்து, கருப்பண்ணனின் நான்கு கால்களுக்கிடையே துள்ளி ஓட ஆரம்பித்தது. கருப்பண்ணன் அசையப் பயந்து அப்படியே நின்றது. ஒவ்வொரு குளம்பையும் எங்கே வைப்பது என்று தலையைக் குனிந்து பார்த்தது.

பொதுப்பாதையில் யாரால் பெரிய கேடு வருமோ அவரே பெரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதை எளியவர் தலையில் கட்டிவிட்டு நடுவழியில் நடப்பவர், தன்னைவிடப் பெரியவர் எதிரே வரும்வரை தான் செய்த தவற்றை அறிவதில்லை.